தீர்மானத்தின்படி காலமானவர்

தான் காலமாகிவிட்ட செய்தி ஸ்டூடியோக்காரருக்கு அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அவள் இருமல் மருந்து வாங்கப் போன கடையின் கண்ணாடியில் அது ஒட்டப்பட்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இப்படி உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

"நல்லா சாஞ்சு உக்காருங்க. நீங்க செத்துட்டீங்க."

பேத்தியின் பள்ளி விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய படத்தை அவர் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் ஒரு நூல் கோணிவிட்டது. நாற்பது வருடத் தொழிலில் அவர் கத்தரி கோணியதில்லை.

மனைவி கடைக்காரர் திரும்பிய நேரம் பார்த்துச் சுவரொட்டியைப் பிய்த்துக் கொண்டுவந்திருந்தாள். விரித்துப் போட்டாள். 'மக்கள் புகைப்படக் கூடம் பெருமையுடன் வழங்கும் உள்ளூர்க் கலைஞர்களின் ஆண்டுக் கண்காட்சி. சிறப்புச் சுவர்: அறியப்படாமலே மறைந்த மேதையின் நாற்பத்தொரு படைப்புகள். இன்று மாலை ஐந்து மணி. நகராட்சித் தலைவி திறந்துவைக்கிறார்.' அதன் கீழே மேதையின் முகம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஸ்டூடியோக்காரர். இரண்டு கண்களும் மூடியிருந்தன. வாய் பாதி திறந்திருந்தது.

அவர் அதை இரண்டு முறை பார்த்தார். முதல் முறை வந்த அதிர்ச்சி, செத்துப்போனதற்கு. இரண்டாம் முறை வந்தது அதைவிடப் பெரியது.

"இந்தப் படம் எப்படி அவங்க கைக்குப் போச்சு?"

"செத்ததப் பத்திக் கேக்க மாட்டீங்களா?"

"அத விடு. இது புது ஃபிளாஷ் வாங்கினப்ப நானே ஸ்டூல்ல உக்காந்து சோதனை பண்ணினது. கண்ண மூடிட்டேன். இது கழிச்சுப் போட்ட படம்!"

சொன்னவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று பிஸ்கட் டின்கள்.

ஸ்டூடியோக்காரர் ஊரில் கலைஞர் என்று யாராலும் சந்தேகிக்கப்படாதவர். அவர் எடுத்ததெல்லாம் விண்ணப்பப் படங்கள். வேலைக்கு, பரீட்சைக்கு, பாஸ்போர்ட்டுக்கு. வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு. அவர் எடுத்த படம் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய ஒரே சொத்து. கண் மூடியது, தும்மியது, கொட்டாவி விட்டது எல்லாம் வாடிக்கையாளர் கண்ணில்கூடப் படாது. ஆனால் ஒரு முகத்தைக் கிழிப்பதற்கு அவருக்குக் கை வராது. ஆகவே பிசகிய படங்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் தள்ளிவிடுவார். ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது, கடையைக் கைப்பேசி பழுது பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வாழ்நாளின் பிசகுகள் மட்டும் பரணிலேயே தங்கிவிட்டன.

"இப்ப அத ஊர் பூராவும் பாக்கப் போவுது. என் உள்பனியனத் தெருவுல காயப்போட்ட மாதிரி இருக்கு. எந்திரி, போயி கழட்டச் சொல்லணும்."

"மொதல்ல உயிரோட இருக்கீங்கன்னு சொல்லணும்."

"அதையும் சொல்லலாம்."

*

மக்கள் புகைப்படக் கூடம் ஒரு சலவை நிலையத்தின் மாடியில் இருந்தது. கீழே பெரிய எந்திரங்கள் துணி பிழியும்போதெல்லாம் மாடித் தரை நடுங்கும். சுவரில் உள்ள படங்கள் மொத்தமும் இடப்பக்கம் சாயும். அவற்றை நிமிர்த்துவதற்கென்றே துணைச் செயலாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போட்டியே இல்லாமல்.

உயிரோடு இருக்கும் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு படம். அவை கழிப்பறைக்குப் போகும் நடையில் தொங்கின. பதினொரு சூரிய அஸ்தமனங்கள், ஒரு சூரிய உதயம். அதுவும் அஸ்தமனம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. கூடத்தின் தலைவரான பல் டாக்டர் எடுத்த மீன்கொத்திகள் இரண்டு. அவற்றின் அலகை மட்டும் அவ்வளவு துல்லியமாக எடுத்திருந்தார்.

பெரிய அறை முழுக்க ஸ்டூடியோக்காரரின் பிசகுகள். உள்ளங்கை அளவுப் படங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு முகங்கள், எண்பத்தொரு மூடிய கண்கள். ஒருவருக்கு மட்டும் ஒரு கண் திறந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். முழங்கால் அல்ல காரணம்.

"வாங்க, வாங்க, தயங்காம வாங்க. முதல்ல ஒண்ணும் புரியாது, பரவாயில்ல" என்றபடி காட்சிப் பொறுப்பாளர் எதிரே வந்தார். எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் ஆழம் இருக்கிறது, அல்லது ஆழம் இல்லை என்று சொல்லுவார். அதனால் அவருக்கு ஊரில் 'ஆழம்' என்றே பெயர். அவருக்கு மட்டும் அது தெரியாது.

"எனக்குப் புரியுது தம்பி. எல்லாருக்கும் கண்ணு மூடியிருக்கு" என்றாள் மனைவி.

"அங்கதாம்மா எல்லாரும் நின்னுடறாங்க. மூடியிருக்குன்னு நீங்க நினைக்கறீங்க. அது உள்பக்கமாத் திறந்திருக்கு." ஆழம் ஒரு முகத்தின் முன் போய் நின்றார். மூக்கு சுருங்கி, உதடு பிளந்து, நெற்றி நரம்பு புடைத்த ஒரு மனிதர். கீழே தலைப்பு: 'பேரண்டத்தின் வாசலில்.' "பாருங்க. இந்த மனுஷன் எதையோ தரிசிச்சிருக்காரு. அந்த ஒரு கணத்துக்காக அந்த மேதை எத்தன நாள் காத்திருந்தாரோ!"

"காத்திருக்கல சார். இவரு தபால் ஆபீஸ்ல தராசுப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. முகத்துக்குப் போட்ட பவுடர் மூக்குல ஏறிடுச்சு, தும்மிட்டாரு. அடுத்தது நல்லா வந்துச்சு. அதத்தான் குடுத்தேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஆழம் தலையாட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"குடுத்தேன்னா?"

"நான்தான் சார் அந்த ஸ்டூடியோக்காரன். எனக்கு ஒண்ணும் ஆகல. தயவுசெஞ்சு இதையெல்லாம் கழட்டிடுங்க."

ஆழத்தின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போய்விட்டது. அவர் சுவரொட்டியைப் பார்த்தார், ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயோ, இப்பவா வருவீங்க? இன்னும் முக்கால் மணி நேரத்துல திறப்பு விழா!"

*

தேநீர் போடும் சிற்றறையில் அவசரக் கூட்டம் நடந்தது. தலைவர் பல் டாக்டர், விதிப் புத்தகத்தோடு செயலாளர், ஆழம், அப்புறம் காலமானவரும் அவருடைய மனைவியும்.

"நான் எப்படி செத்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று. தனிச் சுவர் மறைந்த கலைஞருக்கு மட்டும்."

விஷயம் இதுதான். கூடம் ஆரம்பித்த புதிதில் தனிச் சுவர் யாருக்கு என்று உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இறந்தவர் மேல் யாருக்கும் பொறாமை வராது என்று இந்த விதி வந்தது. அதன் பிறகு பதினொரு வருடமாக அந்தச் சுவருக்காக உறுப்பினர் எவரும் முன்வரவில்லை. சுவர் காலியாகவே கிடந்தது. கைப்பேசிக்காரர் பரணைச் சுத்தம் செய்து மூன்று டின்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது, ஆழம் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இப்படிப்பட்ட பொக்கிஷத்தை விட்டுவிட்டு ஒருவர் உயிரோடு இருக்க வழியே இல்லை என்று அவர் வாதிட்டார். ஆறு வருடமாக ஸ்டூடியோக்காரரை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

"ஏழு பேர்ல அஞ்சு பேர் ஆதரவு" என்று செயலாளர் வாசித்தார். "ஒருத்தர் நடுநிலை. ஒருத்தர் போன் பேச வெளிய போயிருந்தாரு. தீர்மானம் நிறைவேறுச்சு."

"அந்த நடுநிலை யாரு?" என்றாள் மனைவி. "அவரு கையக் குடுக்கச் சொல்லுங்க. அவருக்கு மட்டுந்தான் கொஞ்சம் மனசாட்சி இருந்திருக்கு."

பல் டாக்டர் பொதுவாக எவரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர். இன்று அவராகவே திறந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் அவருங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

ஸ்டூடியோக்காரர் அடையாள அட்டையை நீட்டினார். அதில் இருந்த படம் அரசாங்கக் கேமரா எடுத்தது. அது அவரைப் போலவும் இல்லை, வேறு யாரைப் போலவும் இல்லை. ஆழம் அதையும் சுவரொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவருக்குக் கண்ணு திறந்திருக்கே" என்றார் சந்தேகத்தோடு.

"நாப்பத்தி நாலு வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன், என்கிட்ட கேக்க மாட்டீங்களா?"

"நீங்க சொந்தக்காரங்கம்மா. சொந்தக்காரங்க சாட்சி செல்லாது. விதி பத்தொம்பது" என்றார் செயலாளர்.

"அப்ப ஒரு கேமராவக் குடுத்துப் பாருங்க. கைத்தொழில் பொய் சொல்லாதுல்ல?"

மனைவியின் இந்த யோசனை எல்லாருக்கும் பிடித்தது. கூடத்தின் கேமராவைக் கொண்டுவந்தார்கள். பல் டாக்டரே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் கேமராவை வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது.

"தோளத் தளர்த்துங்க டாக்டர். தாடையக் கொஞ்சம் இறக்குங்க. போதும். மூணு எண்ணுவேன், மூணு சொன்னதும் எடுப்பேன். ஒண்ணு, ரெ..."

கிளிக். மூன்று வரவே இல்லை. அதுதான் அவருடைய தொழில் ரகசியம். மூன்று என்றதும் படம் எடுப்பார்கள் என்று நினைத்து மனிதர்கள் மூன்றுக்காகக் கண்ணைத் தயார் செய்வார்கள், சரியாக அப்போது மூடித் தொலைப்பார்கள். இரண்டில் கிளிக் செய்தால் எவராலும் மூட முடியாது.

படத்தைச் சின்னத் திரையில் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் திறந்து, இரண்டு காதும் தெரிந்து, கழுத்து நேராக, முகத்தில் ஒரு துளி நிழல் இல்லாமல் பல் டாக்டர் அதில் இருந்தார். ஆழம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"என்ன சார் இல்ல?"

"மௌனம் இல்ல. இருள் இல்ல. உள்நோக்கு இல்லவே இல்ல. இது வெறும் பாஸ்போர்ட் போட்டோ!"

"ஆமா சார், பாஸ்போர்ட் போட்டோதான். இருள் இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

ஆழம் டாக்டர் பக்கம் திரும்பினார். குரலில் வருத்தமும் நிம்மதியும் சமமாக இருந்தன. "இவர் அவர் இல்ல. அந்தக் கை இப்படி ஒரு படத்த எடுத்திருக்கவே முடியாது."

நல்ல படம் எடுத்ததற்காக ஸ்டூடியோக்காரரை அவர் இல்லை என்கிறார்கள். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்தாள்.

"கண்ண மூடின மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டிட்டுப் போங்களேன். என்ன கேடு?"

"வேணும்னே பிசகா எடுக்கச் சொல்றியா?"

"உயிரோட இருக்கணுமா, வேண்டாமா?"

அவர் மறுபடி முயன்றார். மூன்று வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எண்ணினார். விரல் இரண்டிலேயே அழுத்திவிட்டது. மூன்றாம் தரமும் அதே. நான்காம் தரம் பல் டாக்டர் ஒத்துழைத்துக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டினார். இரண்டு சிமிட்டலுக்கு இடையில் இருந்த பொடி இடைவெளியில் விரல் போய் விழுந்தது. நான்கு படத்தில் கடைசிதான் மிக நன்றாக இருந்தது.

"ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒத்துப்போகவில்லை" என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

பல் டாக்டர் மட்டும் கேமராவை விட்டு நகரவில்லை. "அது சரி... இதுல எனக்கு ஒரு எட்டு காப்பி கிடைக்குமா?" பிறகு சுதாரித்து, "படம் நல்லாத்தான் எடுக்கறீங்க. நம்ம ஆளு ஒருத்தரு வரல. விழாவ நீங்களே எடுத்துக் குடுத்துடுங்களேன்" என்றார்.

இப்படியாக ஸ்டூடியோக்காரர் தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்கே படம் எடுப்பவராக நியமிக்கப்பட்டார்.

*

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நகராட்சித் தலைவி வந்தார். ரிப்பன் கத்தரித்தார்கள், கைதட்டினார்கள். கீழே எந்திரம் துணி பிழிந்தது. நாற்பத்தொரு முகமும் இடப்பக்கம் சாய்ந்தன. துணைச் செயலாளர் ஓடினார். கூட்டத்தில் பாதிப் பேர் பழைய கடைத் தெருக்காரர்கள். சுவரில் தங்களைத் தாங்களே பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்கள்.

"அது நம்ம சித்தப்பாதானே? என்ன இப்படித் தூங்கறாரு?"

"நான் இவ்வளவு கோரமா இருந்தேனா? அந்தாளு ஒரு நல்ல படம்கூட எடுக்கலையா?"

"உஷ், செத்துப்போனவரு. ஒண்ணும் சொல்லாத. மேதையாம்."

ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். காது எரிந்தது. செத்திருப்பதால்தான் இவ்வளவோடு விட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலும் கேமராவுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு நின்றார்.

ஆழம் பதினெட்டு நிமிடம் பேசினார். அந்த மேதை உலகத்துக்கு முதுகைக் காட்டியவர், புகழை வெறுத்தவர், கண் திறந்த மனிதனைக் கேமராவால் தொடக்கூட மறுத்தவர் என்றார். கடைசிச் செய்தியைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"அவருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கறேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்தார்கள், எல்லாரும் கண்ணை மூடினார்கள். நகராட்சித் தலைவி மூடினார். பல் டாக்டரும் செயலாளரும் மூடினார்கள். மனைவி மட்டும் மூடவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து வந்து அவர் காதில் ஊதினாள்.

"இப்ப எடுங்க! எல்லாருக்கும் கண்ணு மூடியிருக்கு! ஒரே ஒரு படம், நீங்கதான்னு ஒத்துக்குவாங்க!"

அவள் சொன்னதில் தவறில்லை. ஆழம் கேட்ட மௌனம், இருள், உள்நோக்கு எல்லாம் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

சட்டத்துக்குள் எழுபது எண்பது முகம். ஒன்றுகூடத் தேறாது. அத்தனை பிசகை ஒரே படத்தில் அவர் பார்த்ததே இல்லை. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கு யார் போவார்கள்? தான் செத்தது, தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்பது எல்லாம் மறந்துபோய், நாற்பது வருடக் குரல் அவரை மீறி வெளியே வந்தது.

"கண்ணத் தொறங்க! எல்லாரும் இங்க பாருங்க! தாடைய இறக்குங்க!"

மௌனம் தூள் தூளாகியது. எல்லாக் கண்களும் ஒரே அதிர்ச்சியில் அகலத் திறந்தன. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எழுபது எண்பது தாடைகள் தாமாகவே அரை அங்குலம் இறங்கின. தோள்கள் தளர்ந்தன. சட்டைக் காலர்களை நீவிவிட்டுக் கைகள் கீழே போயின. அந்தக் குரலுக்குக் கட்டுப்படாமல் அந்த ஊரில் யாரும் வேலைக்கு விண்ணப்பித்ததில்லை.

"ஒண்ணு, ரெ..." கிளிக்.

நகராட்சித் தலைவியின் கை தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தது. "காது தெரியுதாண்ணே?" என்று அவர் வாய் கேட்டுவிட்டது. பதினாறு வயதில் பரீட்சைக்குப் படம் எடுக்க வந்தபோது கேட்ட அதே கேள்வி. கேட்டபிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரொட்டியை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை.

"அண்ணே... நீங்களா? இப்பத்தானே உங்களுக்காக நின்னோம்?"

"ஆமாம்மா. நானும் கூடத்தான் நின்னேன்."

"ஸ்டூடியோ அண்ணன்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தபால் ஆபீஸ்காரர், பேரண்டத்தின் வாசலிலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆழம் மேடையில் உட்கார்ந்துவிட்டார், நாற்காலி இல்லாத இடத்தில்.

"இதெல்லாம் கழிச்சுப் போட்டதுங்க" என்று ஸ்டூடியோக்காரர் சுவரைக் காட்டி உரக்கச் சொன்னார். "நான் எடுத்த படம் உங்க உங்க வீட்டுல இருக்கு. இதுல ஒண்ணகூட நான் யாருக்கும் குடுத்ததில்ல. இப்பவே கழட்டச் சொல்லுங்க."

"கழட்டுங்க" என்றார் நகராட்சித் தலைவி.

செயலாளர் விதிப் புத்தகத்தோடு முன்னால் வந்தார். அவர் முகத்திலும் அதிர்ச்சி இருந்தது. ஆனால் பக்க எண்ணோடு இருந்தது. "மன்னிக்கணும். படத்தைக் கழட்ட அந்தக் கலைஞர் எழுத்து மூலமா விண்ணப்பிக்கணும். இவர் விண்ணப்பிக்க முடியாது. தீர்மானப்படி இவர் காலமாயிட்டாரு. அந்தத் தீர்மானத்த ரத்து பண்ண இருபத்தோரு நாள் முன்னறிவிப்பு வேணும்."

"இருபத்தோரு நாள் இது தொங்கணுமா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வேற வழி..." செயலாளர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "காலமானவரோட வாரிசு விண்ணப்பிக்கலாம். உடனே கழட்டலாம்."

"பேனாவக் குடுங்க" என்றாள் மனைவி.

சுவரொட்டியைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஸ்டூடியோக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். 'ஐயா, என் கணவர் காலமாகிவிட்டபடியால்' என்று முதல் வரி முடிந்திருந்தது.

"என்னடி எழுதற?"

"சும்மா இருங்க. செத்தவங்க குறுக்க பேசக் கூடாது." அவள் நிமிர்ந்தாள். "தம்பி, தேதி போடணுமே. எப்ப போனாரு?"

செயலாளர் நடவடிக்கைக் குறிப்பைத் தேடி எடுத்தார். "போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. சாயந்தரம் நாலு பத்து."

"அன்னிக்கு நாலு பத்துக்கு இந்த மனுஷன் என்கூட பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு, இடம் பிடிக்கத் துப்பில்லாம முழிச்சிக்கிட்டிருந்தாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தத் தேதியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.